டிமக்ஸ் பிழைக்கிறது, சாவி ஏன் தொலைகிறது?

அமேசான் தன் கிளவுட் மையத்தைச் சிங்கப்பூரில் திறந்தது 2010இல். மும்பைக்கு வந்தது 2016இல். இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னை நிரலாளர்கள் பலருக்குச் சர்வர் இருந்த ஊர் சிங்கப்பூர்தான். 2002இல் அமைந்த ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னையையும் சிங்கப்பூரையும் சுமார் 3,200 கி.மீ. தூரத்தில் இணைக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. ஓடும். தட்டிய எழுத்து போய்வர 32 மில்லிநொடி. அது ஒரு தொல்லையே இல்லை. இணைப்பு அறுவதுதான் தொல்லை. சிங்கப்பூர் தேக்காவில் லேப்டாப்பை மூடிவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறுகிறவருக்கும் அதே கதி.

அதற்குத்தான் 1987இல் ஸ்கிரீன் வந்தது, 2007இல் நிக்கலஸ் மேரியட்டின் டிமக்ஸ் வந்தது. டெர்மினல் அமர்வைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் நிரல்கள் இவை. வீட்டுக்குப் போய்த் திரும்ப லாக்இன் செய்தால் விட்ட வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் காலையில் ஒழுங்காக ஓடிய 'கிட் புல்', அதே விண்டோவில், இப்போது அனுமதி இல்லை என்கிறது.

கிட் கேட்கும் எஸ்எஸ்எச் சாவி சர்வரில் இல்லை என்பதே காரணம். லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் அதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கேட்டால் கையெழுத்து மட்டும் போட்டுத் தரும். ஏஜென்ட்டைச் சர்வர்வரை நீட்டினால் அங்கே ஒரு சாக்கெட் உருவாகும். அதன் முகவரி ஷெல்லின் சூழல் மாறியில் பதியும். இணைப்பு போனால் சாக்கெட்டும் போயிற்று. அடுத்த முறை வேறு பெயரில் புதிது வரும். டிமக்ஸில் முன்பே திறந்திருந்த ஷெல்லோ, வீடு மாறியவரைப் பழைய புளோக்கில் போய்த் தேடுகிறது. புதிதாகத் திறக்கும் விண்டோவுக்கு டிமக்ஸே புது முகவரியைக் கொடுத்துவிடும். ஓடுகிற ஷெல்லின் மாறியை வெளியிலிருந்து திருத்த யுனிக்ஸில் நேர்வழி கிடையாது.

பழகிய கைகள் மாறாத பெயரில் ஒரு சிம்லிங்க் வைத்து, லாக்இன் ஆகும்போதெல்லாம் அதைப் புது சாக்கெட் பக்கம் திருப்பிவிடும். டிமக்ஸுக்குத் தெரிவது சிம்லிங்க் மட்டுமே. அலுவலகம், வீடு இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் நுழைந்தால் கடைசியில் வந்த இணைப்புதான் செல்லும். அது போய்விட்டால் சிம்லிங்க் அந்தரத்தில் தொங்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஏஜென்ட்டை நீட்டத்தான் வேண்டுமா? சர்வரில் ரூட் உரிமை பெற்றவர் சாவியைத் திருட முடியாது. ஆனால் உங்கள் பெயரில் கையெழுத்து வாங்கலாம். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ்.ஆர்க் தளத்தின் ஜென்கின்ஸ் சர்வரில் புகுந்தவர், நீட்டப்பட்ட ஏஜென்ட்டைப் பிடித்துத்தான் மற்ற சர்வர்களுக்குத் தாவினார். சர்வர்விட்டுச் சர்வர் போவது மட்டுமே நோக்கம் என்றால், 2016 முதல் ஓபன்எஸ்எஸ்எச்சில் இருக்கும் பிராக்ஸிஜம்ப் போதும் என்பேன். கிட்டுக்கு, ஒரே ரெப்போவைத் திறக்கும் டிப்ளாய் கீ.

நீட்டியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் லேப்டாப்பில் கேட்கும்படி சாவியைச் சேர்க்கலாம். நீங்கள் எதையும் தட்டாதபோது அந்தக் கேள்வி வந்தால், மறுத்துவிட்டுச் சர்வரில் வேறு யார் இருக்கிறார் என்று பாருங்கள்.