ஊர்க்கூட்டம் வேறு... கிராம சபை வேறு!

பழவேற்காடு ஏரியில் இன்று யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை எந்த அதிகாரியும் முடிவு செய்வதில்லை. மீனவர் குப்பங்களில் பல தலைமுறைகளாக இருக்கும் 'பாடு' முறைதான் அதைத் தீர்மானிக்கிறது. முறை வைத்து ஏரியில் இறங்குவார்கள். தகராறு வந்தால் ஊர்க்கூட்டம் கூடிப் பேசி முடிக்கும்.

அதே குப்பத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்? ஊர்க்கூட்டத்துக்கு அதில் அதிகாரமும் கிடையாது, அரசு நிதியும் கிடையாது. 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, குடிநீர், தெருவிளக்கு, தெரு, வடிகால், சுடுகாடு எல்லாம் கிராம ஊராட்சியின் பொறுப்பு. பேச்சு வழக்கில் இரண்டுமே 'பஞ்சாயத்து' என்பதால், எதை எங்கே கேட்பது என்பதில் பலருக்குக் குழப்பம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் பாரம்பரியமாக ஆண்கள்தான் உட்காருவார்கள். கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களுக்கோ, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கோ அங்கே குரல் இல்லை. கிராம சபையில் அப்படியல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து கேட்கலாம். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமும் வந்துவிட்டது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. 7 நாளுக்கு முன்பே அறிவிப்பு தர வேண்டும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேரும், 3,001 முதல் 10,000 பேர் வரை என்றால் 200 பேரும் வர வேண்டும். பெரும்பாலும் காலை 11 மணிக்குக் கூட்டம். மீன் விற்கும் பெண்கள் அப்போது சந்தையில் இருப்பார்கள். ஒரே ஊராட்சியில் பல குப்பங்கள் இருந்தால், சுழற்சி முறையில் ஒவ்வோர் இடமாகக் கூட்டம் நடத்தும்படி கேட்கலாம்.

ஊர்க்கூட்டம் ஒருநாளும் கலைந்ததில்லை. ஊராட்சி கலைந்திருக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அப்போது தேர்வானவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, திருவள்ளூர் உட்பட 28 மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். வாசலில் நின்று கேட்க உள்ளூர்த் தலைவர் இல்லாத அந்தக் காலத்திலும் கிராம சபை நடக்கும். சொல்லப்போனால், அப்போதுதான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

முகத்துவாரம் மட்டும் ஊராட்சியின் கைக்கு எட்டாத விஷயம். மணல் மூடினால் படகு கடலுக்குப் போகாது. கடல்நீர் உள்ளே வராது, இறாலும் வராது. நிரந்தரமாகத் திறந்து வைக்கும் பணிக்கு அரசு ரூ.26.85 கோடி ஒதுக்கியது. ஆனால் ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால், வனத்துறை சார்ந்த அனுமதிகளுக்காகவே வேலை வெகுநாள் இழுத்தது. இப்படிப்பட்ட விஷயத்தில் கிராம சபைத் தீர்மானம் எந்தத் துறையையும் கட்டுப்படுத்தாது. ஆனால், மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் அனுப்பக் கையில் ஒரு காகிதம் இருக்கும். வெறும் கோரிக்கை மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

தீர்மானம் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பதிவேட்டில் போட வேண்டாம். நகல் தர மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.