தொலைவில் இருப்போர்க்கும் ஓர் இருக்கை

குடும்பம் ஓரிடம், பிழைப்பு ஓரிடம் என்பது நம் மக்களுக்குப் புதிய செய்தி அன்று. தேயிலைத் தோட்டத்தை நம்பித் தேவிகுளம் மலைகளில் ஏறியவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று கணிப்பொறி பயின்று, கோவையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் உள்ளவர்களோடு கூடிப் பணிபுரியும் காலம் வந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. வேலையை விடாமலும் பெற்றோரைப் பிரியாமலும் சொந்த ஊரிலேயே வாழ வழி பிறக்குமானால், அதனினும் பெரிய பேறு வேறென்ன?

ஆயினும் லயத்து வீட்டின் சிறு அறையில் ஒருபுறம் அடுப்பு, மறுபுறம் குழந்தையின் அழுகை. இவற்றுக்கிடையே அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் எவ்வாறு பேசுவார்? ஆகவே, தமிழர் வாழும் ஊர்தோறும் பொதுக் கட்டடம் ஒன்றில் வீடியோ கூட்ட அறை அமைய வேண்டும் என்பது நமது கருத்து.

இது எட்டாத கனவு அன்று. தேவிகுளத்திலிருந்து போடிமெட்டு வழியாக மலை இறங்கினால் தேனி மாவட்டம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்கிலி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, 2004ஆம் ஆண்டு முதல் சுற்றுவட்டாரக் கண் நிலையங்களை வீடியோ மூலம் தன்னோடு இணைக்கத் தொடங்கியது. வீட்டுக்குள் பயன்படும் வை-ஃபை முறையையே, ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாக்களைக் கொண்டு பல கிலோமீட்டர் எட்டும்படி செய்தனர். சிற்றூரில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். பின்னர் நோயாளி தேனியிலுள்ள மருத்துவரின் முகம் பார்த்துப் பேசுவார். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறிச் செல்ல வேண்டிய தேவை பலருக்கு நீங்கிற்று.

அம்முயற்சியில் பெருந்தொல்லை தந்தவற்றுள் ஒன்று மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைப் பழுதாக்கிற்று. நாம் கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே. பெரிய திரை வாங்குமுன் மின்னழுத்தச் சீராக்கியும் மின்கலமும் வாங்குக. இணைய இணைப்பைத் தரும் ரவுட்டருக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சிறிது. ஓர் எளிய மின்கலமே அதனைச் சில மணி நேரம் காக்கும்.

இரண்டாவது, ஒலி. முகம் மங்கினாலும் கூட்டம் நடக்கும். குரல் அறுந்தால் நடவாது. குரலுக்கு நொடிக்கு நூறு கிலோபிட் அளவே போதும். தெளிவான படத்துக்கோ பன்மடங்கு வேண்டும். ஆதலின் இணைப்பு தளரும்போது படத்தை நிறுத்திக் குரலைக் காப்பதே அறிவுடைமை. குரல் போய்ச்சேர 150 மில்லிநொடிக்கு மேல் தாமதித்தால் உரையாடலின் இயல்பு குன்றத் தொடங்கும் என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு. வெறுஞ்சுவர் அறையில் எதிரொலி மிகும். தரையில் ஜமுக்காளமும் சன்னலில் தடித்த திரைச்சீலையும் இருந்தால் அது அடங்கும். தகரக் கூரையாயின் தென்மேற்குப் பருவமழையின் ஓசை பேச்சை விழுங்கிவிடும். கீழே ஓர் உட்கூரை அமைப்பது இன்றியமையாதது. ஒரே அறையில் இருவரின் கருவிகள் ஒலியோடு திறந்திருந்தால் ஊளை எழும். மேசை நடுவே ஒரே மைக் போதும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருளும். வெளிச்சம் முன்னிருந்து விழ வேண்டும்.

மூன்றாவது, முறைமை. அறையில் எண்மரும் வெளியூரில் இருவரும் இருந்தால், அவ்விருவரும் வெறும் கேட்போராகி விடுகின்றனர். நம் கூட்டமொன்றில் அயல்நாட்டு அன்பர் ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருந்து, தம்மை யாரும் வினவாமையால் சொல்லாமலே விலகினார். குற்றம் கருவியுடையதன்று, நம்முடையது. அன்று முதல் ஒவ்வொரு பொருளிலும் தொலைவில் இருப்பவரையே முதலில் பேச அழைக்கிறோம். முடிவுகளை எழுதி அன்றே அனைவர்க்கும் அனுப்புகிறோம்.

இவையெல்லாம் வசதிக்காக மட்டும் கூறுவன அல்ல. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, தேவிகுளம் வட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடிற்று. எழுபது உயிர்கள் மாண்டன. மின்சாரமும் தொலைபேசியும் செயலற்றிருந்தமையால், அச்செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையில்தான். அந்த இரவை மறப்பது எங்ஙனம்? மின்சாரம் போனாலும் இணைப்பு அறாத அறை ஒன்று குடியிருப்புதோறும் இருக்குமாயின், பகலில் அது பிள்ளைகளின் பணிமனை. ஆபத்து வந்த இரவில் உதவி கேட்கும் வாயில்.

திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மண்டபம் கட்டத் தாராளமாகப் பொருள் ஈந்த மக்கள் நாம். அம்மண்டபத்தின் ஒரு மூலையில் ஓர் அறை, ஒரு மைக், ஒரு மின்கலம், அவற்றைப் பொறுப்போடு பேண ஓர் இளைஞர்: இவ்வளவே தேவை. அடுத்த பொதுக்குழுவில் அன்பர்கள் இதனை எடுத்துப் பேச வேண்டுகிறோம். வர இயலாதவர்க்கும் அக்கூட்டத்தில் ஓர் இருக்கை இருக்கட்டும்.