மாலை பிறகு, முதலில் குரல் எட்டட்டும்!

தீயை அணைக்கச் செல்பவனுக்கு வேண்டியது என்ன? தண்ணீர் என்பார்கள்; ஏணி என்பார்கள்; நெஞ்சிலே உரம் என்பார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். வெளியே நிற்கும் தலைவரின் சொல் உள்ளே இருப்பவன் காதிலே விழவேண்டும்; உள்ளே இருப்பவனின் கூக்குரல் வெளியே நிற்பவர் காதிலே விழவேண்டும். அது இல்லையேல், ஏணி அவனை மேலே ஏற்றிவிடும். 'இறங்கு' என்று அந்த ஏணியா சொல்லும்?

மாநாட்டுப் பந்தலிலே ஒலிபெருக்கி கெட்டுவிட்டால் முன்வரிசை கைதட்டும், பின்வரிசை விழிக்கும். பேச்சு வீணாகும்; அவ்வளவுதான் நட்டம். எரிகிற கட்டடத்திலே ஒலி கெட்டுவிட்டால்? அங்கே வீணாவது பேச்சு அல்ல, தோழர்களே, உயிர்!

கற்பனை என்று கருதவேண்டாம். நடந்ததைத்தான் சொல்கிறோம்.

2001 செப்டம்பர் 11. அமெரிக்காவிலே நியூயார்க் நகரம். உலக வர்த்தக மையம் என்ற பெயரிலே, 110 மாடிகளுடன் நின்ற இரட்டைக் கோபுரங்கள். காலை 8-46க்கு வடக்குக் கோபுரத்திலே ஒரு விமானம் மோதிற்று. 9-03க்குத் தெற்குக் கோபுரத்திலே மற்றொன்று மோதிற்று. மேலிருந்தவர்கள் உயிர் தப்பக் கீழே ஓடிவந்தார்கள். அதே படிக்கட்டிலே, கவசத்தையும் காற்றுக் குப்பியையும் குழாயையும் சுமந்துகொண்டு, தீயணைப்புத் தொழிலாளர்கள் மேலே ஏறினார்கள். லிப்டுகள் பெரும்பாலும் நின்றுபோயிருந்தன. கால்தான் துணை!

9-59க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. 10-28க்கு வடக்குக் கோபுரமும் சரிந்தது. மாண்ட தீயணைப்புப் படையினர் 343 பேர்.

இடையிலே இருந்தது 29 நிமிடம்! தெற்குக் கோபுரம் சரிந்த சில நிமிடங்களுக்குள், வடக்குக் கோபுரத்துத் தலைவர், 'எல்லோரும் வெளியேறுங்கள்' என்று வானொலிக் கருவியிலே ஆணையிட்டார். ஆணை பிறந்தது, அதுவும் காலத்தோடு பிறந்தது. ஆனால் எத்தனை காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது? கேள்வி அதுதான்.

கையிலே பிடிக்கும் சிறிய கருவி. அதன் வானொலி அலை எஃகையும் காங்கிரீட்டையும் துளைத்துக்கொண்டு பல மாடி ஏறுவது கடினம். இது அன்று காலையிலேதான் தெரிந்த செய்தியா? இல்லை! 1993 பிப்ரவரி 26ஆம் நாள் அதே கட்டடத்தின் அடித்தளத்திலே குண்டு வெடித்தது. ஆறு பேர் மாண்டார்கள். அன்றே இந்தக் கருவிகள் தடுமாறின. எட்டாண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது!

அதன் பிறகு, 1994இல், ஒலியை வாங்கி வலுவாக்கித் திருப்பி அனுப்பும் பொறி ஒன்றை அங்கே அமைத்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத நாளிலே, கூட்டத்தின் நடுவிலே ஒருவர் நின்று, தலைவர் சொல்வதை வாங்கிப் பின்னால் இருப்பவர்களுக்கு உரக்கச் சொல்வாரே, அதே வேலையைச் செய்யும் பொறி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எப்போதும் இயங்கும்படி அதை விட்டுவைக்கவில்லை. நகரிலே மற்ற இடங்களில் நடக்கும் பேச்சுக்கு இடையூறு வரும் என்று, தேவைப்படும்போது மட்டும் இயக்குவது என்று முறை வைத்தார்கள்.

அன்று தேவைப்பட்டது. அழுத்தவேண்டிய பொத்தான்கள் இரண்டு. ஒன்று அழுத்தப்பட்டது, மற்றது அழுத்தப்படவில்லை. 9-05 அளவிலே வடக்குக் கோபுரத்திலே இரண்டு அதிகாரிகள் பேசிச் சோதித்துப் பார்த்தார்கள். ஒலி வரவில்லை. பொறி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அந்த அலைவரிசையையே கைவிட்டார்கள். அதே பொறி தெற்குக் கோபுரத்திலே பயன்பட்டது. அங்கே 78ஆவது மாடிவரை ஏறிய அதிகாரி ஒருவர் அதன் வழியே பேசினார்! பொறி கெடவில்லை, தோழர்களே. பழக்கம் இல்லை, பயிற்சி இல்லை, ஒரு பொத்தானுக்கு விளக்கம் சொல்ல அந்த நேரத்திலே ஆள் இல்லை.

இடுப்பிலே தொங்கிய கருவியின் கதை என்ன? 2001 மார்ச்சிலே புதிய கருவிகள் கொடுத்தார்கள். குயின்ஸ் பகுதியிலே தீயிலே சிக்கிய ஒருவரின் அபயக்குரல் மற்றவர்களுக்குக் கேட்காமல் போயிற்று. உடனே அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். பழைய கருவியே மீண்டும் இடுப்புக்கு வந்தது. செப்டம்பரிலே அதை நம்பித்தான் ஏறினார்கள்.

பொத்தான் ஒன்றினாலேயே அத்தனை பேரும் மாண்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. 2004இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை காரணங்களை அடுக்கிக் காட்டுகிறது. பலர் ஆணையைக் கேட்டார்கள், இறங்கவும் தொடங்கினார்கள். சிலர் வேறு அலைவரிசையிலே இருந்தார்கள். விடுமுறையிலே இருந்து ஓடிவந்த சிலரிடம் கருவியே இல்லை. எல்லோரும் ஒரே அலைவரிசையிலே பேச, ஒருவர் குரல் மற்றவர் குரலை விழுங்கிற்று. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்த ஆணையிலே, தெற்குக் கோபுரம் சரிந்துவிட்டது என்ற செய்தி சொல்லப்படவே இல்லை! பேராபத்து என்றால் 'மேடே, மேடே, மேடே' என்று மும்முறை கூறவேண்டும் என்பது விதி. அந்த விதிப்படியும் ஆணை ஒலிக்கவில்லை. கேட்டவனுக்கும், காலடியிலே மரணம் நிற்கிறது என்பது தெரியவில்லை. பக்கத்துக் கோபுரம் மண்ணாகிப் போனதை அறியாமலேயே பலர் படிக்கட்டிலே இருந்தார்கள்.

தொலைபேசியிலே செய்தி வாங்கி அனுப்பும் இடத்திலே நடந்தது என்ன? 9-37க்குத் தெற்குக் கோபுரத்தின் 106ஆவது மாடியிலிருந்து ஒருவர் அவசர எண்ணிலே பேசினார். கீழே தொண்ணூற்றுச் சொச்சம் மாடி ஒன்று இடிந்து விழுகிறது என்றார். பொன்னான செய்தி! கோபுரம் நிற்காது என்பதற்கு உள்ளிருந்தே வந்த சாட்சி! அந்தச் செய்தி ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குப் போயிற்று. 9-52க்குக் காவலர்களுக்கு வந்து சேர்ந்தபோது அது என்னவாயிற்று தெரியுமா? 106ஆவது மாடி நொறுங்குகிறது என்று ஆயிற்று. பேசியவர் நின்ற மாடியே விழுகிற மாடியாக மாறிவிட்டது. பதினைந்து நிமிடம் கழிந்து, திரிந்துபோய் வந்தது செய்தி. அடுத்த ஏழாவது நிமிடம் கோபுரம் தரைமட்டம்!

10-08க்கு, ஹெலிகாப்டரிலே வட்டமிட்ட காவல்துறை விமானி, வடக்குக் கோபுரம் நீண்டநேரம் தாங்காது என்று எச்சரித்தார். காவல்துறை கேட்டது. தீயணைப்புத் துறைக்கோ வேறு அலைவரிசை! ஒரே நகரம், ஒரே நெருப்பு, ஒரே சாவு. ஆனால் காதுகள் மட்டும் வேறு வேறு.

இத்தனைக்கும் பிறகு என்ன சொன்னார்கள்? 2004 மே திங்களிலே, விசாரணைக் குழுவின் முன், அன்று மேயராக இருந்த ஜூலியானி பேசினார். வெளியேறும் ஆணையைக் கேட்டும், மக்களைக் காப்பதற்காக வீரர்கள் நின்றார்கள் என்ற பொருள்படப் பேசினார். மண்டபத்திலே அமர்ந்திருந்த குடும்பத்தார் கொதித்து எழுந்தார்கள். வானொலிக் கருவியைப் பற்றிப் பேசு என்று குரல் எழுப்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்க்கு, பிள்ளை வீரன் என்பது தெரியாதா? தெரியும். அந்த வீரத்தைத் திரையாகத் தொங்கவிட்டு, பின்னாலே குற்றத்தை ஒளிக்கிறார்களே என்பதுதான் அவர்கள் நெஞ்சைச் சுட்டது!

மற்றவரைக் காக்க நின்று மடிந்தவர்களும் உண்டு. அவர்களை வணங்குகிறோம். ஆனால் நின்றவன் வேறு. 'வா' என்ற சொல் எட்டாததால் மாட்டிக்கொண்டவன் வேறு. இருவரையும் ஒரே மாலையால் மூடுவது மரியாதை அல்ல, கணக்கு முடிக்கும் தந்திரம்!

நியூயார்க்கோடு முடிந்ததா? 2017 ஜூன் 14. லண்டனிலே கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் குடியிருப்பு. நள்ளிரவு தாண்டி 12-54க்கு முதல் அழைப்பு. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்பது வழக்கமான அறிவுரை. நியூயார்க்கிலும் அழைத்தவர்கள் பலருக்கு அதுவே சொல்லப்பட்டது. தீ வெளிச்சுவரிலே ஏறி, கோபுரத்தையே சூழ்ந்தது. கட்டுப்பாட்டு அறையிலே இருந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியவில்லை. அவர்களுக்குக் கிடைத்த செய்தியோ, தீயின் எதிரே நின்றவர்களிடம் துண்டுக் காகிதங்களிலே, ஆள் மாற்றி ஆள் போயிற்று. அந்த அறிவுரையைக் களத்துத் தலைமை மாற்றியபோது மணி 2-47. மாண்டவர்கள் 72 பேர். 1-30க்கும் 1-50க்கும் இடையிலேயே வெளியேறச் சொல்லியிருக்கவேண்டும் என்றது 2019ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை.

நாம் கேட்பது மலையைப் புரட்டும் காரியம் அல்ல. ஆணை இடுவதோடு கடமை முடியாது. கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடவேண்டும். உள்ளே போனவர் யார், எந்த மாடி என்ற கணக்கு வெளியே இருக்கவேண்டும். அபயக்குரலுக்கென்றே ஒருவர் காது கொடுத்திருக்கவேண்டும். 'இறங்கு' என்றால் ஏன் இறங்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆலையிலே பாரந்தூக்கியின் கீழே நிற்கும் தொழிலாளிக்கு இது புரியும். சைகை காட்டுபவனைப் பாராமல் இயந்திரத்தை ஓட்ட அவன் சம்மதிப்பானா?

மீட்புப் படைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான செய்தித் தொடர்பு அமைக்க அமெரிக்காவிலே சட்டம் வந்தது 2012இல். 1993இல் அடித்த மணிக்கு, 19 ஆண்டு கழித்துச் சட்டம்!

நியூயார்க் தீயணைப்புப் படையிலே, தந்தி மணிக் காலத்திலிருந்து வரும் மரபு ஒன்று உண்டு. கடமையிலே ஒருவர் மாண்டால், ஐந்து ஐந்தாக நான்கு முறை ஒலிக்கும் குறியீட்டைத் தீயணைப்பு நிலையங்களுக்கு அனுப்புவார்கள். அந்தச் செய்தி தவறுவதில்லை. மாண்டவனுக்காக ஒலிக்கும் மணி அத்தனை நிலையங்களையும் எட்டுகிறது. 'வந்துவிடு' என்ற ஒரு சொல், உயிரோடிருந்தவன் காதுக்கு எட்டவில்லை.

சாவை அறிவிப்பதிலே காட்டும் ஒழுங்கை, சாவைத் தடுப்பதிலே காட்டுங்கள். மாலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.