சத்திரசிகிச்சைக்குப் பின் ஆட்டின் உணவும் பராமரிப்பும்

ஆட்டின் வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தல் இக்காலத்தில் அரிய செயலன்று. பொலித்தீன் பைகளை விழுங்கிய ஆடு, களத்து நெல்லையோ விருந்து வீட்டுச் சோற்றையோ அளவுக்கு மிஞ்சித் தின்ற ஆடு, குட்டியை ஈனமுடியாது அல்லலுறும் ஆடு ஆகியவற்றைச் சத்திரசிகிச்சையால் காப்பாற்றலாம். ஆயினும், கால்நடை வைத்தியர் தம் பணியைச் செவ்வனே முடித்த பின்னரும், சில ஆடுகள் இரண்டு மூன்று நாட்களில் நலிந்து இறப்பதுண்டு. காயம் ஆறாமை மட்டும் இதற்குக் காரணமன்று. ஆடு மீண்டும் உண்ணத் தொடங்காமையும் அதற்கு ஒப்பான காரணமாகும். காயத்தைத் தைப்பது வைத்தியரின் வேலை. வயிற்றை மீண்டும் இயங்கச் செய்வது பெரும்பாலும் வீட்டாரின் வேலை.

தீவகத்துக் கமக்காரருக்கு இது மிகவும் பொருந்தும். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய இடங்களுக்குத் தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறியே செல்லல் வேண்டும். சோளகக் காற்று வலுக்கும் காலத்திலும் மாரிப் புயலின்போதும் கடல் வழிவிடாத நாட்கள் உள. அத்தகைய நாளில் ஆட்டின் உயிர் கொட்டிலில் அதனருகே நிற்பவரின் கையிலேயே தங்கியுள்ளது. பால்தரும் ஓர் ஆடு பிள்ளைகளின் பாலாகவும், அவசர காலத்தின் பணமாகவும் விளங்கும் வீடுகளில் அதனை இழப்பது சிறு நட்டமன்று.

ஆட்டின் வயிறு தொழிற்படும் முறை

ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் மிகப் பெரியது இடப்பக்கத்தில் அமைந்துள்ள முதலாம் அறையாகும். ஆடு தின்ற குழை அங்கே ஊறி, பின் வாய்க்கு வந்து இரைமீட்கப்பட்டு, மீண்டும் கீழிறங்கும். குழையைச் செரிக்கச் செய்பவை அவ்வறையில் வாழும் எண்ணற்ற பற்றீரியாக்களும் பிற நுண்ணங்கிகளுமாகும். 1843 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் குருபி, டெலாபோன் என்னும் இருவர், அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களை உருப்பெருக்கியிற் கண்டு உலகுக்கு அறிவித்தனர். ஆட்டுக்கு உணவூட்டுவதென்பது முதலில் இந்நுண்ணங்கிகளுக்கு உணவூட்டுவதேயாம்.

ஆடு உண்ணாதிருப்பின் இந்நுண்ணங்கிகள் பட்டினியால் குறைகின்றன. முதலாம் அறையின் அசைவு தளர்கிறது. அசைவு தளரவே பசியும் இல்லாதொழிகிறது. பசியின்மையால் அசைவு மேலும் குறைகிறது. இச்சுழலை உடைப்பதே பராமரிப்பின் முதல் நோக்கமாகும். சினையாடும் அண்மையில் ஈன்ற ஆடும் உண்ணாதிருந்தால், உடற்கொழுப்பு கரைந்து ஈரலிற் சேர்ந்து வேறொரு நோயையும் உண்டாக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவரல்

மயக்கம் முற்றாகத் தெளியுமுன் ஆட்டைப் பயணஞ் செய்விக்கலாகாது. மயக்க நிலையிலுள்ள ஆடு பக்கவாட்டிற் கிடந்தால், முதலாம் அறையில் உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி வயிறு பொருமும். இரைப்பை நீர் மேலெழுந்து சுவாசக் குழாயிற் புகவும் கூடும். ஆகவே ஆட்டை நெஞ்சு நிலத்திற்படும்படி இருத்தி, வைக்கோல் நிரப்பிய சாக்குகளை இருபுறமும் அணைத்து வைத்தல் வேண்டும். உமிழ்நீர் வழிந்தோடும்படி வாய் சற்றுத் தாழ்ந்திருத்தல் நலம். படகில் ஆட்டின் கால்களைக் கட்டிக் கிடத்துவதை அறவே தவிர்த்தல் வேண்டும்; வெயிலும் கடல்நீர்த் திவலையும் படாதவாறு மூடிக் கொண்டுவருதல் வேண்டும். தையல் பிரிக்கும் நாளையும் அன்று படகு கிடைக்குமா என்பதையும் வைத்தியருடன் முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது அறிவுடைமையாகும்.

கொட்டில் உலர்ந்ததாயும் காற்றோட்டமுள்ளதாயும் இருத்தல் வேண்டும். தரையில் புது வைக்கோலைப் பரப்பி, அதனை நாள்தோறும் மாற்றுக. ஆடு கூட்டமாக வாழும் விலங்கு; தனிமையில் அடைத்தால் அஞ்சி உணவை மறுக்கும். பழகிய இன்னோர் ஆட்டை அது காணக்கூடிய தூரத்தில் கட்டுதல் நலம். எனினும் முட்டி விளையாட இடங்கொடுத்தல் கூடாது. நெடுந்தீவில் உள்ளதைப் போன்ற கல்வேலிகளில் ஏறித் தாண்டும் பழக்கமுள்ள ஆட்டை, தையல் பிரிக்கும் வரை வெளியே விடுதல் தகாது.

முதலில் நீர், அடுத்துக் குழை

ஆடு தானே எழுந்து உறுதியாக நின்று, உமிழ்நீரை விழுங்கத் தொடங்கியபின், வைத்தியர் வேறுவிதமாகக் கூறியிருந்தாலன்றி, சிறிதளவு நீர் வைக்கலாம். நீர் இளஞ்சூடாக இருப்பது நன்று. தீவகத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பானது. நலமுள்ள ஆடு அந்நீருக்குப் பழகியிருப்பினும், நோயுற்ற ஆட்டுக்கு வீட்டார் குடிக்கும் நன்னீரையே கொடுத்தல் வேண்டும். ஒரே தடவையில் வயிறு நிறையக் குடிக்க விடாது, சிறிது சிறிதாகப் பல முறை வைக்க.

நீர் குடித்தபின் குழையை வைக்கலாம். எந்தக் குழை சிறந்தது என்பதிலும், எந்தக் குழையை அந்த ஆடு முன்னர் விரும்பித் தின்றது என்பதே முக்கியமானது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை, ஆல், பலா, வேம்பு ஆகியவற்றின் குழைகளை ஆடுகள் நன்கு உண்ணும். அன்று முறித்த குழையைச் சிறு பிடியாகக் கட்டி, ஆட்டின் முகத்துக்கு நேரே தொங்கவிடுக. நிலத்திற் கிடக்கும் குழையை முகர்ந்துவிட்டு விலகும் ஆடு, தொங்கும் குழையை எட்டிக் கடிப்பதுண்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பழைய குழையை அகற்றிப் புதியதை வைத்தல் வேண்டும். வாடியதும் எச்சிற்பட்டதுமான குழையை ஆடு வெறுக்கும். நார்ச்சத்துக்காகச் சுத்தமான உலர்புல்லோ வைக்கோலோ எப்போதும் பக்கத்தில் இருத்தல் நலம்.

முதல் மூன்று நான்கு நாட்களுக்கு நெல், அரிசி, சோறு, தடித்த கஞ்சி ஆகியவற்றைக் கொடுத்தல் கூடாது. “பலவீனமான ஆட்டுக்குக் கஞ்சி வார்ப்போம்” என்று வீட்டார் இரங்கிச் செய்வது தீங்காகவே முடியலாம். மாப்பொருள் மிகுந்த உணவு முதலாம் அறையிற் புளித்து அமிலத்தைப் பெருக்கி, எஞ்சியுள்ள நல்ல நுண்ணங்கிகளையும் அழித்துவிடும். நெல்லோ சோறோ மிஞ்சியதாற் சத்திரசிகிச்சைக்குள்ளான ஆட்டுக்கு இவ்விதி மேலும் கண்டிப்பானது. ஆடு நன்றாக இரைமீட்கத் தொடங்கியபின், ஒரு கைப்பிடி தவிட்டுடன் சிறிது பிண்ணாக்கைக் கலந்து கொடுத்து, ஒரு கிழமைக்குள் படிப்படியாகப் பழைய அளவுக்கு வரலாம்.

தோட்டக்காரர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பூச்சிநாசினி தெளித்த தோட்டத்து இலைகுழைகளை ஆட்டுக்குப் போடுதல் கூடாது. வெங்காயத்தாளில் செங்குருதிக் கணங்களைச் சிதைக்கும் பொருள் உண்டு. சத்திரசிகிச்சையில் இரத்தம் இழந்த ஆட்டுக்கு அது ஆகாது.

உண்ண மறுக்கும் ஆட்டுக்கு ஊட்டும் முறை

சில ஆடுகள் முதல் நாளில் குழையை முகர்ந்து பார்ப்பதோடு நின்றுவிடும். அப்போது ஓர் இலையைக் கசக்கி உதட்டின் ஓரத்திற் செருகினால், மெல்லத் தொடங்குவதுண்டு. வேப்பங்குழையும் பூவரசங்குழையும் இதற்கு ஏற்றவை. வலி மிகுந்த ஆடு உண்ணாது. பற்களை நறநறவெனக் கடித்தல், முதுகை வளைத்து நிற்றல், தலையைத் தொங்கவிடல் ஆகியன வலியின் அடையாளங்களாகும். இவற்றைக் கண்டால் வைத்தியரிடம் கூறி வலிநீக்கும் மருந்து பெறுதல் வேண்டும். மனிதருக்குரிய குளிசைகளை வீட்டார் தாமே கொடுத்தல் ஆபத்தானது.

வாய்வழி நீராகாரம் புகட்டும்படி வைத்தியர் கூறியிருந்தால் பின்வரும் முறையைக் கையாள்க. நிழலில் உலர்த்திய சீமைக்கிளுவை அல்லது முருங்கை இலையை நன்கு பொடித்து, இளஞ்சூட்டு நன்னீரில் நீர்ப்பதமாகக் கரைத்துத் துணியில் வடித்தெடுக்க. ஊசி கழற்றிய பெரிய சிறிஞ்சை வாயின் ஓரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையிலுள்ள வெளியிற் செருகி, ஒரு வாய்க்குப் பத்து மில்லிலீற்றர் அளவாக விடுக. ஒன்றை விழுங்கியபின்னரே அடுத்ததை விடுதல் வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்தல் பெருந்தவறு. மூக்கு, கண்ணின் மட்டத்துக்கு மேலே உயரலாகாது. உயர்ந்தால் நீர் சுவாசப்பையிற் புகுந்து ஆட்டைக் கொன்றுவிடும். இருமினால் உடனே நிறுத்துக. படுத்திருக்கும் மயங்கிய ஆட்டுக்கு ஒரு துளியும் புகட்டலாகாது.

இருபத்துநான்கு மணித்தியாலம் கடந்தும் ஆடு ஒன்றும் உண்ணாவிடின் காத்திருத்தல் தகாது. நலமான ஆட்டின் இரைப்பை நீரை எடுத்து, வடித்து, உடற்சூடு ஆறுமுன் நோயுற்ற ஆட்டின் இரைப்பையிற் செலுத்தும் முறையொன்று உண்டு. அழிந்த நுண்ணங்கிகளுக்குப் பதிலாகப் புதியவற்றைக் குடியேற்றுவதே இதன் பொருள். குழாய் செலுத்த வேண்டியிருத்தலால் இதனை வைத்தியரே செய்தல் வேண்டும்.

வயிறு இயங்குகின்றதா?

இதனை அறியக் கருவி வேண்டியதில்லை. இடப்பக்கத்தில், கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே ஒரு குழி உண்டு. தையலைத் தொடாது அங்கே உள்ளங்கையை மெதுவாக அழுத்தி இரண்டு நிமிடம் பொறுத்தால், வயிறு எழுந்து கையைத் தள்ளுவது தெரியும். நலமான ஆட்டில் நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை இவ்வாறு நிகழும். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வைத்தியருக்குப் பேருதவியாகும். இரைமீட்டல், புழுக்கையின் அளவு, சிறுநீர் கழித்தல் ஆகியவற்றையும் எழுதுக. உடல் வெப்பநிலை பொதுவாக 38.5 முதல் 40 பாகை செல்சியசு வரை இருக்கும்.

காயத்தின் பராமரிப்பு

தையலிட்ட காயத்தின்மேல் சாம்பல், மஞ்சள் விழுது, கழிவெண்ணெய் முதலியவற்றைப் பூசுதல் கூடாது. காயத்தை உலர்வாக வைத்து நாள்தோறும் இருமுறை பார்த்தாற் போதும். ஈ மொய்த்தாற் புழு உண்டாகும். காகம் கண்டாற் கொத்தும். ஆதலின் பகலில் ஆட்டைக் கொட்டிலினுள்ளேயே வைத்தல் நலம். சிறிது வீக்கம் இயல்பு. வீக்கம் நாளுக்கு நாள் பெருகுதல், சீழ் வடிதல், துர்நாற்றம் வீசுதல் ஆகியன இயல்பல்ல. தையல் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்களிற் பிரிக்கப்படும். மருந்தேற்றிய ஆட்டின் பாலை எத்தனை நாட்களுக்கு வீட்டார் அருந்தலாகாது என்பதையும் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வயிற்றைத் திறந்து குட்டி எடுக்கப்பட்டிருந்தால், குட்டியையும் மறத்தல் கூடாது. முதல் இரண்டு மணித்தியாலத்துள் அது கடும்புப்பால் குடித்தல் வேண்டும். இரண்டு கிலோகிராம் எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் தேவை. அதனை நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க. தாய் நிற்க இயலாதாயின் பாலைக் கறந்து போத்தலிற் புகட்டலாம். குட்டியைத் தாயின் முகத்தருகே விட்டு நக்கச் செய்தல் இரண்டுக்கும் நன்மை பயக்கும்.

முயலும் கினிப்பன்றியும்

பிள்ளைகள் வளர்க்கும் முயல், கினிப்பன்றி ஆகியவற்றுக்கும் இப்பாடம் பொருந்தும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆட்டைச் சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் கூறும் நேரம் வரை பட்டினி போடுவர். முயலையும் கினிப்பன்றியையும் அவ்வாறு நெடுநேரம் பட்டினி போடுவதில்லை. அவை வாந்தியெடுக்க இயலாதவை. அவற்றின் குடல் நில்லாது இயங்குதல் வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் அரைநாள் உண்ணாதிருந்தாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே அவற்றை இளஞ்சூடான இடத்தில் வைத்து, உலர்புல்லை எந்நேரமும் கிடைக்கச் செய்து, உண்ணாவிடின் ஊறவைத்து மசித்த உணவைச் சிறிய சிறிஞ்சினாற் பல தடவை ஊட்டுதல் வேண்டும். தென் அமெரிக்க மலைநாட்டிலிருந்து வந்த கினிப்பன்றி, மனிதரைப் போலவே உயிர்ச்சத்து சீயைத் தன்னுடலில் ஆக்கமாட்டாது. அதற்குச் சிறு துண்டு கொய்யாப்பழம் நல்ல மருந்தாகும்.

வருமுன் காத்தல்

2019 ஆம் ஆண்டில் சென்னையில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோகிராம் பிளாத்திக்குக் கழிவை வெளியேற்றினர். அப்பசு அதனை ஒரே நாளில் விழுங்கியிருக்க முடியாது. உணவு மணத்தோடு வீதியில் எறியப்பட்ட பைகளே சிறிது சிறிதாக அதன் வயிற்றை அடைத்தன. தீவகத்தின் வீதியோரங்களிலும் கடற்கரையிலும் கிடக்கும் பைகள் நம் ஆடுமாடுகளுக்கும் அதே தீங்கைச் செய்யும். சோற்றுப் பையை வளவுக்கு வெளியே வீசாதிருத்தலும், நெற்சாக்கை ஆடு எட்டாதபடி உயரத்தில் வைத்தலும் செலவற்ற காப்புக்களாகும்.

இடப்பக்க வயிறு பொருமுதல், மூச்சுத் திணறல், ஒரு நாள் முழுதும் உண்ணாமை, புழுக்கை இடாமை, காய்ச்சல், தையல் பிரிதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கமக்காரர் உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். படகு இல்லாத வேளையில் தொலைபேசியிலேனும் ஆலோசனை பெறுக. இவை ஒன்றும் இல்லாது, ஆடு கண்ணை அரைவாசி மூடியபடி அமைதியாக இரைமீட்கக் காணப்படின், அது பிழைத்துவிட்டதெனத் துணிந்து கொள்ளலாம்.