சங்கிலிக்குத் தெரியாத கணக்கு

2009 ஜனவரி 12 அன்று பிட்காயினின் 170-ஆவது பிளாக்கில் ஒரு பரிவர்த்தனை பதிவானது. அனுப்பியவர், சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயினை உருவாக்கியவர். பெற்றவர் ஹால் ஃபின்னி என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர். ஒருவர் இன்னொருவருக்குப் பிட்காயின் அனுப்பியது அதுவே முதல் முறை. தொகை 10 பிட்காயின். ஆனால் எல்லோரும் பார்க்கக்கூடிய 'பிளாக்செயின்' என்ற பொதுப் பதிவேட்டில் இந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால், ஒரு பக்கம் 50 என்றும் மறுபக்கம் 10, 40 என இரண்டு தொகைகளும் இருக்கும்.

இதை அப்படியே ஓர் எக்ஸெல் ஷீட்டில் இறக்கினால் என்ன எழுதுவது? சடோஷி கொடுத்தது 50-ஆ, 10-ஆ? அந்த 40 யாருக்குப் போனது? கிரிப்டோ வைத்திருக்கும் பலர் வருமான வரிக் கணக்கு நேரத்தில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து திணறுவது இதே கேள்வியில்தான். கிரிப்டோவை நிர்வகிக்கும் செயலியான வாலட்டில் 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தினால் சிஎஸ்வி கோப்பு ஒன்று நொடியில் வந்துவிடும். அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் உண்மைதான். ஆனால் அந்த எண்கள் கணக்காக மாறுவதற்கு நம்முடைய வேலை பாக்கி இருக்கிறது.

மீதி எங்கே போனது?

வங்கிக் கணக்கில் இருப்பதுபோல 'இருப்பு' என்ற ஒன்று பிட்காயினின் பதிவேட்டில் கிடையாது. நமக்கு வந்த ஒவ்வொரு தொகையும் தனித்தனித் துண்டாக அங்கே நிற்கிறது. ஒரு துண்டைச் செலவழித்தால் அதை முழுவதுமாகத்தான் செலவழிக்க முடியும். கடையில் 50 ரூபாய் நோட்டை நீட்டி, 10 ரூபாய் சாமான் வாங்கி, 40 ரூபாய் மீதி பெறுவது போன்றதுதான் இது. சடோஷியிடம் இருந்தது 9-ஆவது பிளாக்கை உருவாக்கியதற்குக் கிடைத்த 50 பிட்காயின் துண்டு. அதில் 10 ஃபின்னிக்குப் போனது. 40 சடோஷிக்கே திரும்பியது.

அன்று அந்த மீதி, புறப்பட்ட முகவரிக்கே வந்தது. இன்றைய வாலட்டுகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. நம் நடமாட்டத்தைப் பிறர் எளிதில் தொடரக்கூடாது என்பதற்காக, மீதித் தொகைக்கு ஒவ்வொரு முறையும் புதிய முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. எனவே ஒரே ஒரு முகவரியை மட்டும் பார்த்துக் கணக்கெடுக்கும் மென்பொருள், நம்மிடமே திரும்பிய 40-ஐ யாரோ அந்நியருக்குப் போனதாக எழுதிவிடும். இல்லாத செலவு ஒன்று கணக்கில் ஏறும். சில சமயம் இல்லாத வருமானமும் ஏறும்.

இதைத் தவிர்க்க, பட்டியலை முகவரி முகவரியாக எடுக்காமல், எல்லா முகவரிகளையும் அறிந்த வாலட்டிலிருந்தே எடுக்க வேண்டும். 2012-இல் முன்மொழியப்பட்ட ஒரு முறைப்படி, நவீன வாலட்டின் அத்தனை முகவரிகளும் ஒரே மூலத்திலிருந்து கணித விதிப்படி கிளைக்கின்றன. அந்த மூலத்திலிருந்து 'விரிவாக்கப்பட்ட பொதுச் சாவி' என்ற நீண்ட எழுத்துத் தொடர் ஒன்றையும் எடுக்கலாம். கணக்கு மென்பொருளுக்கு அதைக் கொடுத்தால், பணத்தைத் தொட முடியாமல் எல்லா முகவரிகளையும் பார்க்க மட்டும் முடியும். ஆனால் அது யார் கையில் சிக்கினாலும் நம் வரவுசெலவு முழுவதும் அவர் கண்ணில் படும் என்பதால் அதையும் கவனமாகவே பகிர வேண்டும். வாலட்டை மீட்கப் பயன்படும் 12 அல்லது 24 சொற்களோ எந்தக் கணக்கு வேலைக்கும் தேவையே இல்லை. 'ரிப்போர்ட் எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லி அவற்றைக் கேட்பவர் திருடத்தான் கேட்கிறார்.

எக்ஸெல் விழுங்கும் இலக்கங்கள்

பட்டியல் சரியாக வந்துவிட்டாலும் அதைத் திறக்கும் இடத்தில் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. ஒரு பிட்காயினை 10 கோடி சடோஷியாகப் பிரிக்கலாம். அதாவது 8 தசம இடங்கள். ஈத்தரியத்தின் நாணயமான ஈத்தருக்கோ 18 தசம இடங்கள். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 1.234567890123456789 ஈத்தர் என்ற தொகை உள்ளே போனால் 1.23456789012345 என்று நிற்கும். கடைசி நான்கு இலக்கங்கள் எந்த எச்சரிக்கையும் இன்றி மறைந்துவிடும்.

காசு மதிப்பில் பார்த்தால் இது தூசு. ஆனால் இருப்பு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் கணக்குக்கான சோதனை. வேறுபாடு எக்ஸெல் வெட்டியதால் வந்ததா, ஒரு பரிவர்த்தனை விட்டுப்போனதால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போனால் அந்தச் சோதனையே பயனற்றதாகிவிடும்.

இத்தகைய வேறுபாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினி எண்களை இரும முறையில் வைக்கிறது. நமக்கு எளிமையாகத் தெரியும் 0.1 அந்த முறையில் முடிவில்லாத பின்னமாக நீளும். ஓரிடத்தில் நறுக்கித்தான் ஆக வேண்டும். ஆயிரக்கணக்கான தொகைகளைக் கூட்டும்போது இந்த நறுக்குகளும் சேர்ந்துகொள்ளும். பிட்காயின் மென்பொருள் தன் உள்ளே எல்லாத் தொகையையும் சடோஷி என்ற முழு எண்ணாகவே வைத்திருப்பது இதனால்தான். நாமும் அதையே செய்யலாம்: பிட்காயின் தொகையைச் சடோஷியாக எழுதலாம், ஈத்தர் போன்றவற்றின் மூலத் தொகையை 'டெக்ஸ்ட்' ஆகவே இறக்கிப் பத்திரப்படுத்தலாம்.

நாம் கொடுத்ததை எக்ஸெல் தானாக மாற்றிவிடும் தொல்லை அறிவியல் உலகையும் விடவில்லை. 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுக் குறியீடுகளை அது தேதிகளாக மாற்றிவந்தது. மரபணுப் பட்டியல்களை எக்ஸெல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020-இல் இத்தகைய பெயர்களையே மாற்றியது. கிரிப்டோ பட்டியலிலும் 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்பதைக் கணினியின் அமைப்பே முடிவு செய்துவிடும். கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்காமல், 'இம்போர்ட்' வழியாக ஒவ்வொரு பத்தியின் வகையையும் நாமே சொல்லித் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எந்த ஆண்டு?

பிளாக்செயினில் பதிவாகும் நேரம் எந்த நாட்டின் நேரமும் அல்ல. 1970 ஜனவரி 1 முதல், உலகப் பொது நேரப்படி கடந்த நொடிகளின் எண்ணிக்கை அது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே பொது நேரப்படி மார்ச் 31 மாலை 6.30-க்கு நடந்த விற்பனை, நமக்கு ஏப்ரல் 1 பிறந்த நொடியில் நடந்தது. ஷீட்டில் மார்ச் 31 என்று இருந்தால் அது பழைய நிதியாண்டில் விழும். இந்திய நேரத்துக்கு மாற்றினால் புதிய ஆண்டுக்கு நகரும். எனவே பொது நேரத்துக்கு ஒரு பத்தி, இந்திய நேரத்துக்கு ஒரு பத்தி என இரண்டையும் வைத்திருப்பது நல்லது.

பதிவேட்டில் இல்லாதவை

எவ்வளவு, எங்கிருந்து, எங்கே, எப்போது: பிளாக்செயினுக்குத் தெரிந்தவை இவ்வளவே. ஏன் அனுப்பினோம், அன்றைய ரூபாய் மதிப்பு என்ன என்பது அதற்குத் தெரியாது. நம் வாலட்டிலிருந்து நம்முடைய இன்னொரு வாலட்டுக்கு மாற்றினால், ஓர் ஏட்டில் செலவாகவும் இன்னொன்றில் வரவாகவும் தெரியும். இரண்டையும் இணைக்காவிட்டால், விற்காத ஒன்று விற்றதாகிவிடும்.

இந்தியாவில் இது வெறும் குழப்பத்தோடு நிற்காது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ சொத்துகளை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. வருமான வரிப் படிவம் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை ஆகியவற்றைக் கேட்கிறது. வாங்கிய விலையைக் காட்ட முடியாதவர் லாபம் அல்லாததற்கும் வரி கட்ட நேரிடலாம்.

ஒரு நிறுவனம் நடத்தும் எக்ஸ்சேஞ்சில் செய்யும் வாங்கல் விற்றலும் பிளாக்செயினில் வராது. அவை அந்த நிறுவனத்தின் சொந்த ஏட்டில்தான் இருக்கும். போட்டதும் எடுத்ததும் மட்டுமே பொதுப் பதிவேட்டில் தெரியும். 2014-இல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சும் 2022-இல் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சும் திவாலானபோது, வாடிக்கையாளர்கள் பணத்தோடு தங்கள் கணக்குப் பக்கத்தையும் இழந்து நின்றார்கள். எக்ஸ்சேஞ்ச் நன்றாக நடக்கும் காலத்திலேயே பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நாம் செய்யாத சிலவும் பட்டியலில் இருக்கும். கேட்காமலே வந்து விழும் போலி டோக்கன்களின் பெயரில் மோசடி இணையதள முகவரி ஒளிந்திருக்கலாம். நாம் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே தொடக்கமும் முடிவும் கொண்ட முகவரியிலிருந்து பூஜ்யத் தொகைப் பரிவர்த்தனை வரலாம். அடுத்த முறை பட்டியலிலிருந்து அந்த முகவரியை நகலெடுத்து நாம் ஏமாறுவோம் என்பது அனுப்பியவரின் எதிர்பார்ப்பு. ஷீட்டிலிருந்து முகவரியை நகலெடுத்துப் பணம் அனுப்பவே கூடாது.

எப்படி வைத்திருப்பது?

இறக்கிய சிஎஸ்வி கோப்பைத் தொடாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; வேலை எல்லாம் இன்னொரு பிரதியில் நடக்கட்டும். பரிவர்த்தனையின் 64 எழுத்து அடையாளத்தைச் சுருக்காமல் வையுங்கள். எந்தச் சந்தேகத்தையும் பொதுப் பதிவேட்டில் சரிபார்க்க அதுதான் ஆதாரம். கட்டணத்துக்குத் தனிப் பத்தி தேவை. ஈத்தரியத்தில் தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கும் கட்டணம் போயிருக்கும் என்பதால் அந்த வரிசைகளையும் நீக்கிவிடாதீர்கள். பிறகு தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, செலவையும் கட்டணத்தையும் கழியுங்கள். விடை வாலட் காட்டும் இருப்போடு கடைசி சடோஷி வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு முகவரி விட்டுப்போயிருக்கலாம். பல வாலட்டுகள் தொடர்ந்து 20 முகவரிகள் காலியாக இருந்தால் அதற்கு மேல் தேடுவதை நிறுத்திக்கொள்ளும். முதலில் அங்கே பாருங்கள்.

இதை ஆண்டு முடியும்வரை தள்ளிப்போடாமல் மாதம் ஒரு முறை செய்யுங்கள். எதற்காக அனுப்பினோம், யாரிடமிருந்து வந்தது, அன்று என்ன விலை என்ற குறிப்பை நினைவிருக்கும்போதே எழுதுங்கள். தொகை, தேதி, முகவரி ஆகியவற்றைப் பத்தாண்டு கழித்தும் பிளாக்செயினிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காரணத்தை எழுதி வைக்காவிட்டால், அதை எந்தப் பிளாக்கிலிருந்தும் எடுக்க முடியாது.