முறத்திலிருந்து மன்றத்துக்கு!

அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்திலே போர்ட் பெண்டு என்றொரு மாவட்டம். 2023-ஆம் ஆண்டு பிறந்த அன்று, அந்த மாவட்டத்தின் 240-வது மாவட்ட நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதி ஒருவர் வந்தார். பெயர் சுரேந்திரன் கே. பட்டேல். கேரளத்துக் காசர்கோடு மாவட்டம், பளால் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். பெற்றோர் அன்றாடங்காய்ச்சிக் கூலிகள். அவரோ, தமக்கையாருடன் உட்கார்ந்து பீடி சுற்றி வளர்ந்தவர்!

பீடி சுற்றியவர் என்று எழுதிவிடுவது எளிது, தோழர்களே! மடியிலே முறம். நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூளை அளவோடு இட்டு, உருட்டி, வாயை மடித்து, நூல் சுற்றிப் போடவேண்டும். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆயிரம் எண்ணித்தான் கூலி. முதுகு வளையும், விரல் தேயும், தூள் நெடி மார்பை அடைக்கும். உங்களிலே பலர் வீட்டில் இந்த முறம் இருக்கிறது, நாம் விளக்கவேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்தது. மேலே படிக்கப் பணமில்லை. ஓராண்டு முழுநேரப் பீடித் தொழிலாளியானார். வடகேரளத்துப் பீடித் தொழிலாளர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அங்கே வேலைக் கூடத்தில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். மற்றவர் கேட்டுக்கொண்டே சுற்றுவர். படிப்பவரின் கூலி குறையாதபடி மற்றவர் தங்கள் உழைப்பிலிருந்து ஈடு செய்வர். 1969-லே கண்ணூரில் கூட்டுறவாக எழுந்த தினேஷ் பீடியும் அந்த மண்ணில் முளைத்ததே. நம்மவர் வாசகசாலைகளை எண்ணிப் பாருங்கள், உறவு புரியும்.

ஓராண்டு கழித்து, எளேரித்தட்டு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். பகலிலே வகுப்பு, கிடைத்த நேரமெல்லாம் பீடி. வருகைப் பதிவு குறைந்தது. தேர்வெழுத இடமில்லை என்றார்கள் ஆசிரியர்கள். அவர் என்ன செய்தார்? பீடி சுற்றப் போனேன், ஏழை, இரங்குங்கள் என்று சொன்னாரா? சொல்லவில்லை. இரக்கம் வேண்டாம் என்று காரணத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டார். நல்ல மதிப்பெண் வராவிட்டால் படிப்பையே விட்டுவிடுவதாக வாக்களித்தார். முடிவு வந்தபோது வகுப்பிலே முதல்வர் அவர்தான்! மறு ஆண்டு அதே ஆசிரியர்கள் துணை நின்றார்கள்.

பிறகு பையனூர்க் கல்லூரி. அதற்குப் பிறகு கோழிக்கோடு சட்டக் கல்லூரி. செலவுக்கு ஒரு விடுதியில் வேலை. 1995-ல் சட்டப் பட்டம். ஓஸ்துர்க்கில் வழக்கறிஞர் தொழில், பின்னர் தில்லி. 2007-ல் செவிலியரான துணைவியாருக்கு டெக்சாஸில் வேலை கிடைக்க, குடும்பம் கடல் கடந்தது. அங்கே போன வழக்கறிஞர் மளிகைக் கடையிலே வேலை பார்த்தார்! அந்த வேலைக்கு நடுவே டெக்சாஸ் வழக்கறிஞர் தேர்வை எழுதி, முதல் முயற்சியிலேயே தேறினார். ஊஸ்டன் பல்கலைக் கழகத்தில் மேற்படிப்பும் முடித்தார். 2017-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

நம் நாட்டிலே மாவட்ட நீதிபதியை ஆளுநர் உயர்நீதிமன்றத்தைக் கலந்து அமர்த்துகிறார். அரசியல் சட்டத்தின் 233-வது பிரிவு அப்படி. அமெரிக்காவிலோ பல மாநிலங்களில் நீதிபதியும் வாக்குக் கேட்டு வரவேண்டும். 1832-ல் மிசிசிப்பி தன் நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வழி செய்தது. டெக்சாஸின் 1876-ஆம் ஆண்டு அரசியல் சட்டமும் அந்தப் பாதையிலே நிற்கிறது. கட்சிப் பெயரோடு போட்டி. மாவட்ட நீதிபதிக்குத் தவணை நான்கு ஆண்டு.

2020-ல் ஒருமுறை நின்றார், தோற்றார். 2022-ல் மறுபடி நின்றார். முதலில் டெமாக்ரடிக் கட்சிக்குள்ளேயே, பதவியில் இருந்த நீதிபதியை எதிர்த்து முதற்கட்டத் தேர்தல். சொந்தக் கட்சியே தாம் வெல்வோம் என்று நம்பவில்லை என அவரே பின்னாளில் கூறினார். எதிர்த்தவர்கள் எதைப் பிடித்தார்கள் தெரியுமா? அவர் எழுதிய வாதங்களையா, நடத்திய வழக்குகளையா? அவருடைய உச்சரிப்பை! மலையாளம் ஊறிய நாவிலே ஆங்கிலம் வேறு ஓசையோடுதானே வரும்? கேட்கவேண்டிய சாட்சியைக் காது கொடுத்துக் கேட்பவரா என்று பார்க்கவேண்டிய இடத்தில், பேசும் ஓசையைக் கேலி செய்தார்கள். மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. முதற்கட்டத்திலும் வென்றார், நவம்பரிலே குடியரசுக் கட்சி வேட்பாளரையும் வென்றார்.

உடனே கைதட்டிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. நீதிபதி தேர்தலில் நிற்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைப் பெரும்பாலும் தருபவர் யார்? அதே மன்றத்தில் வழக்காட வரும் வழக்கறிஞர்கள்! கை நீட்டி வாங்கியவர் முன்னே, கொடுத்தவர் கட்சிக்காரரோடு வந்து நிற்கும்போது எதிர்க்கட்சிக்காரன் நெஞ்சு படபடக்காதா? வாக்குச்சீட்டோ நீளமானது, பெயர்கள் அடுக்கடுக்காக இருக்கும். கட்சியைப் பார்த்துக் குத்துவார்கள். 2018-ல் பக்கத்து ஆரிஸ் மாவட்டத்திலே டெமாக்ரடிக் அலை அடித்தபோது, குடியரசுக் கட்சி நீதிபதிகள் கூட்டமாகப் பதவி இழந்தார்கள். அவர்களிலே நல்ல தீர்ப்புச் சொன்னவர் ஒருவரும் இல்லையா?

ஆயினும், அமர்த்தும் முறைக்கு மட்டும் கறை இல்லையா? பரிந்துரைக் கடிதமும் பழக்கமும் இல்லாத ஒரு கூலிக்காரர் மகனை, எந்த அறைக்குள் உட்கார்ந்த எந்தப் பெரியவர் தேடிப் பிடித்து அழைத்திருப்பார்? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அந்த மாவட்ட நீதிமன்றம் மேல்முறையீடு கேட்கும் இடமல்ல. கொடுங்குற்ற வழக்கும், மணவிலக்கும், நில உரிமைத் தகராறும் முதன்முதலாக ஏறும் படி அது. சாட்சி நேரே நின்று வாய் திறக்கும் இடம். உச்சரிப்புப் பிறழ்ந்தவரும், கைநாட்டுக்காரரும், பயத்திலே நாக்குக் குழறுபவரும் அங்கேதான் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க 2023 சனவரியிலே அந்த மேடையில் அமர்ந்தவரின் விரல்களுக்கு, ஆயிரம் எண்ணினால்தான் கூலி என்பது தெரியும். அந்த நாற்காலிக்கு அடுத்த தேர்தல் 2026 நவம்பர் என்று சட்டம் நாள் குறித்திருந்தது.