காயத்தை ஆற்றும் புரதமே புற்றுநோயையும் வளர்ப்பது எப்படி?

பெங்களூரு: விரலில் கத்தி பட்டால் சில நாள்களில் தோல் மூடிக்கொள்கிறது. காயத்தைச் சுற்றியுள்ள செல்கள் வெளியிடும் சில புரதங்கள், அண்டை செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் பொருந்தி, 'பிரிந்து பெருகு' என்ற கட்டளையை உள்ளே அனுப்புகின்றன. காயம் ஆறியதும் கட்டளை நின்றுவிடும். நிற்காதபோதுதான் சிக்கல்.

இவ்வகைப் புரதங்களில் நன்கு ஆராயப்பட்டது, இஜிஎஃப் எனப்படும் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் கண்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே திறந்தன. அந்தச் சாற்றில் இருந்த 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதமே இதற்குக் காரணம் என்று தெரியவந்தது. இப்பணிக்காக அவருக்கு 1986-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இஜிஎஃப் வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. செல்லுக்குள் நீண்டிருக்கும் அவற்றின் வால் பகுதியில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள, சமிக்ஞை பல புரதங்களிடம் கைமாறி உட்கருவை அடைகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்கள் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பிகள் அளவுக்கு மீறிக் காணப்படுகின்றன. புகையிலை மெல்லும் பழக்கம் பரவியுள்ள இந்தியாவுக்கு இது தொலைதூர ஆய்வகச் செய்தி அன்று.

கியூபாவில் உருவான நிமோடுசுமாப் மருந்தை, பெங்களூருவின் பயோகான் நிறுவனம் 2006-இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. இந்த ஆன்டிபாடி, ஏற்பியில் இஜிஎஃப் பொருந்த முடியாதபடி தடுக்கிறது. நலமான தோலுக்கும் அதே சமிக்ஞை தேவை என்பதால், இவ்வகை மருந்துகளால் பலருக்குத் தோலில் தடிப்பு ஏற்படுவதுண்டு. நிமோடுசுமாப்பில் அது குறைவு.

அழற்சியிலும் வழிமுறை ஏறத்தாழ இதுவே. நோயெதிர்ப்பு செல்கள் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்கள் கிருமியை எதிர்க்க உதவுபவை. கட்டுமீறினால் சொந்த உறுப்புகளையே பாழாக்கும். பயோகான் 2013-இல் சொரியாசிஸ் நோய்க்காக வெளியிட்ட ஐடோலிசுமாப், டி செல்களின் மேலுள்ள சிடி6 ஏற்பியைப் பற்றி, சைட்டோகைன் சுரப்பைத் தொடக்கத்திலேயே குறைக்கிறது.

கோவிட் நோயாளிகளுக்கு ஏற்படும் 'சைட்டோகைன் புயலை' அடக்க, 2020 ஜூலையில் இம்மருந்துக்கு அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமாக இருந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 30 பேர் மட்டுமே. மருந்து பெற்றவர்கள் 20 பேர். செயல்முறை ஏற்புடையதாக இருந்தாலும், உயிர் காக்கும் என்று கூற இந்த எண்ணிக்கை போதாது என மருத்துவர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கோவிட் சிகிச்சைக்கான தேசிய நெறிமுறையில் ஐடோலிசுமாப் சேர்க்கப்படவில்லை.